உங்கள் ஆப்பை உண்மையில் யார் அதிகம் பாவிக்கிறார்கள்? தரவிலிருந்து கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப் பாவனையை அளக்கும் கூகுளின் கருவியான ஃபயர்பேஸைத் திறந்ததும் ஆக்டிவ் யூசர்ஸ் என்று ஒரு எண் பெரிதாக வந்து நிற்கும். கூட்டத்தில் அதைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் முதலாளி, "சரி, அதில் நம்முடைய ஆப்பை விடாமல் பாவிக்கிற ஐம்பது பேர் யார், பட்டியலைத் தாங்கோ" என்று கேட்டதும்தான் சிக்கல் தொடங்கும். அந்த எண்ணுக்குள் நேற்று இன்ஸ்டால் செய்து ஒருமுறை எட்டிப் பார்த்தவரும் இருக்கிறார், பக்கத்து மேசையில் இருக்கும் டெஸ்டரும் இருக்கிறார், போட்ட ஆர்டர் இன்னும் வரவில்லையே என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து எரிச்சலில் இருப்பவரும் இருக்கிறார். ஃபயர்பேஸுக்குப் பின்னால் எண்ணுவது கூகுள் அனலிட்டிக்ஸ், அதன் வரையறைப்படி ஆப்பை முதல்முறை திறந்தாலே ஒருவர் ஆக்டிவ் கணக்கில் சேர்ந்துவிடுவார். கூகுள் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனை ஆப்பை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடமிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்துச் சில்லறைக் கடைகள் மைசூர் பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் ஆர்டர் போடும் ஆப். உங்களுடையது வாடகை வண்டி ஆப்பாகவோ டியூஷன் ஆப்பாகவோ இருக்கலாம், வேலை ஒன்றுதான். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

முதலில், பட்டியல் எதற்கு?

இதைக் கேட்காமல் தரவுக்குள் இறங்காதீர்கள். புதிய வசதியை முதலில் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமா, அப்படியென்றால் ஆப்பின் பல மூலைகளுக்கும் போகிறவர் வேண்டும். மற்றக் கடைக்காரர்களைக் கூட்டிவரச் சொல்லிச் சலுகை கொடுக்கப்போகிறீர்களா, அப்படியென்றால் திருப்தியோடு ஒழுங்காக வாங்குகிறவர் வேண்டும். விட்டுப்போகப்போகிறவரை முன்கூட்டியே பிடிக்க வேண்டுமா, அப்போது இன்றைக்கு மேலே நிற்பவரைவிட முந்தின மாதம் மேலே நின்றவர்தான் முக்கியம். மூன்றுக்கும் ஒரே பட்டியல் போதாது. எதற்கென்று ஒரு வரியில் எழுதி ஃபைலின் மேலேயே போட்டுவையுங்கள், மூன்று மாதம் கழித்து யாராவது அந்தப் பட்டியலைத் தூக்கி வேறு வேலைக்குப் பாவிக்கும்போது அந்த வரி காப்பாற்றும்.

அடுத்து, எதைப் பாவனை என்று எண்ணப்போகிறீர்கள்

ஆப்பைத் திறப்பது பாவனை இல்லை. அந்த ஆள் எதற்காக ஆப்பை வைத்திருக்கிறாரோ அந்தக் காரியம் முடிவதுதான் பாவனை. ஆர்டர் ஆப்பில் அது உறுதியான ஆர்டர், வாடகை வண்டி ஆப்பில் முடிந்த சவாரி, டியூஷன் ஆப்பில் பார்த்து முடித்த பாடம், செய்தி ஆப்பில் சில வினாடிக்கு மேல் வாசித்த கட்டுரை. இதை மையச் செயல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. பொருளைத் தேடுவது, விலையைப் பார்ப்பது, கூடையில் போடுவது எல்லாம் துணைச் செயல்கள், அவற்றையும் பதியுங்கள், ஆனால் தரவரிசைக்கு முதல் இடம் கொடுக்காதீர்கள்.

கூடவே அந்தச் செயலின் இயல்பான தாளத்தையும் தீர்மானிக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் வாரத்துக்கு ஒன்று இரண்டு தரம்தான் சாமான் எடுப்பார். அவரைத் தினமும் வரவில்லை என்று குறை சொல்லி என்ன பிரயோசனம்? தினசரிப் பாவனையாளரை மாதப் பாவனையாளரால் வகுத்து வரும் விகிதத்தைப் பலரும் பெருமையாகக் காட்டுவார்கள், அது மெசேஜ் ஆப்புக்கும் செய்தி ஆப்புக்கும் பொருந்தும். வாரத் தாளத்தில் ஓடும் ஆப்பில் அதே விகிதம் சின்னதாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பயந்து தினமும் நோட்டிபிகேஷன் அனுப்பத் தொடங்கினால் நல்ல வாடிக்கையாளரே ஆப்பை அழித்துவிட்டுப் போவார். வாரத் தாளம் என்றால் வாரத்தால் அளவிடுங்கள், மாதத் தாளம் என்றால் மாதத்தால்.

ஆள் யார் என்பதை ஒழுங்குபடுத்துதல்

முழு வேலையிலும் சலிப்பான பகுதி இதுதான், ஆனால் இதில் கோட்டைவிட்டால் மிச்சமெல்லாம் வீண். ஃபயர்பேஸ் தானாகக் கொடுக்கும் அடையாளம் ஒரு ஆளுக்கானது இல்லை, ஒரு போனில் இருக்கும் ஒரு இன்ஸ்டாலுக்கானது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால் புது அடையாளம் வரும், ஆப்பின் டேட்டாவைத் துடைத்தாலும் அப்படித்தான். போனில் இடம் போதாமல் ஆப்புகளை அழித்து அழித்துப் போடுகிறவர்கள் நம்மில் குறைவில்லை. அப்படி ஒரு கடைக்காரர் ஒரே மாதத்தில் மூன்று ஆட்களாக உங்கள் தரவில் தெரிவார், மூன்றும் பாதி உயிரோடு.

அதனால் லாகின் ஆனதும் உங்கள் சொந்த யூசர் ஐடியை அனலிட்டிக்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள், லாக்அவுட் ஆகும்போது அதை வெறுமையாக்குங்கள். இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், ஒரே போனில் அண்ணன் போய்த் தம்பி வந்தாலும் எல்லாம் அண்ணன் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஐடியாகப் போன் நம்பரையோ மின்னஞ்சலையோ அடையாள அட்டை எண்ணையோ கொடுக்கக்கூடாது, கூகுளின் விதிமுறையே அதைத் தடுக்கிறது. "நம்பரை ஹாஷ் பண்ணி, அதாவது அடையாளம் தெரியாத எழுத்துக் கோவையாக மாற்றிக் கொடுத்தால் சரிதானே" என்று கேட்பார்கள். சரியில்லை. இலங்கையில் மொபைல் நம்பர் 07 என்று தொடங்கி மொத்தம் 10 இலக்கம், மிச்சம் 8 இலக்கம்தான் மாறக்கூடியது, அதாவது அதிகபட்சம் 10 கோடி நம்பர்கள். அத்தனையையும் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்பே போதும். எனவே ஆளோடு சம்பந்தமே இல்லாத ஒரு தற்போக்கான ஐடியை உங்கள் சர்வரிலேயே உருவாக்கி, அதைப் பாவியுங்கள்.

கணக்கும் ஆளும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. வெள்ளவத்தைக் கடை ஒன்றில் முதலாளி போனிலும் கடைப் பொடியன் போனிலும் ஒரே கணக்கு திறந்திருக்கும், பொடியன் இருப்பைப் பார்த்துக் கூடையில் போடுவான், முதலாளி இரவு வீட்டிலிருந்து உறுதிசெய்வார். உங்களுக்கு வேண்டியது கடை என்றால் இருவரையும் சேர்த்து எண்ணுங்கள். யாரைக் கூப்பிட்டுக் கதைப்பது என்று வரும்போது மட்டும் போன் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

நிகழ்வுகளைப் பதிதல்

முதல்முறை திறப்பு, செஷன் தொடக்கம், திரை பார்த்தது, ஆப் அப்டேட் போன்ற நிகழ்வுகளை ஃபயர்பேஸ் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆப்பை அழித்தது ஆண்ட்ராய்டில் மட்டும்தான் தானாகப் பதியப்படும், ஐபோனில் இல்லை, ஆகவே அழித்தவர் எண்ணிக்கையை இரண்டுக்கும் சேர்த்து ஒப்பிடாதீர்கள். செஷன் என்பது ஆப்பைத் திறந்து பாவிக்கும் ஒரு அமர்வு, 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் அது முடிந்ததாகக் கொள்ளப்படும், அதற்குள் திரும்பி வந்தால் பழைய செஷனே தொடரும். இந்த 30 நிமிடத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இவற்றுக்கு மேல் நீங்கள் சேர்க்கும் சொந்த நிகழ்வுகள் ஒரு பத்துப் பதினைந்துக்குள் நிற்கட்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நிகழ்வு வைத்தால் பிறகு எது எதுவென்று எழுதியவருக்கே தெரியாது. பெயருக்கு அதிகபட்சம் 40 எழுத்து, ஒரு நிகழ்வோடு 25 விவரங்கள் வரை இணைக்கலாம், அது தாராளமாகப் போதும்.

மையச் செயலைப் பொத்தானை அழுத்திய நேரத்தில் பதியாதீர்கள், சர்வர் "ஆம், ஆர்டர் ஏற்கப்பட்டது" என்று பதில் சொன்ன பிறகு பதியுங்கள். நெட்வொர்க் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அதே பொத்தானை ஐந்து தரம் அழுத்துவார், அது ஐந்து ஆர்டர் ஆகாது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மையச் செயலை அனலிட்டிக்ஸிலிருந்து எடுக்காமல் உங்கள் சொந்த டேட்டாபேஸின் ஆர்டர் அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுங்கள், அனலிட்டிக்ஸைத் துணைச் செயல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முடிந்த எல்லா இடத்திலும் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

போனில் டேட்டா முடிந்துபோய் ரீலோட் போடும்வரை நிகழ்வுகள் போனுக்குள்ளேயே தங்கியிருந்து, தொடர்பு வந்ததும் மொத்தமாக வரும். கூகுளின் தரவுக் களஞ்சியமான பிக்குவெரிக்கு ஏற்றுமதியாகும் நாள் அட்டவணைகள் இப்படிப் பிந்தி வருவதைச் சேர்த்துக்கொள்வதற்காக 72 மணி நேரம் வரை மாறிக்கொண்டிருக்கும். ஆகவே கடைசி மூன்று நாளின் கணக்கை முடிந்த கணக்காக எடுத்து யாரையும் "காணாமல் போனவர்" பட்டியலில் போடாதீர்கள். ஆப்பை வெளியிடுவதற்கு முன், நிகழ்வுகள் வருவதை உடனுக்குடன் காட்டும் டீபக்வியூ திரையில் ஒரு போனை இணைத்து, ஆர்டர் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை போட்டு, நிகழ்வுகள் ஒழுங்கான வரிசையில் வருகின்றனவா என்று கண்ணால் பாருங்கள், இன்டர்நெட்டை நடுவில் நிறுத்தியும் ஒருமுறை பாருங்கள்.

தரவை வெளியே எடுத்தல்

ஃபயர்பேஸ் திரையிலேயே முழு வேலையும் முடியாது. ஒருவர் ஒருவராகப் பார்க்க கூகுள் அனலிட்டிக்ஸில் யூசர் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது, ஆனால் பட்டியல் போட்டு வரிசைப்படுத்த நிகழ்வு மட்டத்திலான தரவு வேண்டும், அதற்குப் பிக்குவெரி இணைப்பு. இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், ஏனென்றால் இணைத்த நாளிலிருந்துதான் தரவு வரும், பழையது வராது. சாதாரண கணக்குக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் நிகழ்வுகள் வரை ஏற்றுமதியாகும். பிக்குவெரியின் இலவச சாண்ட்பாக்ஸில் 10 ஜிபி சேமிப்பும் மாதம் 1 டிபி தேடலும் கிடைக்கும், ஆனால் அட்டவணைகள் 60 நாளில் தானாக அழிந்துவிடும், எனவே சுருக்கக் கணக்குகளை வேறெங்காவது எடுத்துவையுங்கள். அனலிட்டிக்ஸ் அமைப்பில் தரவை வைத்திருக்கும் காலம் ஆரம்பத்தில் 2 மாதமாக இருக்கும், அதை 14 மாதமாக மாற்றலாம், அதையும் அப்படியே மாற்றிவிடுங்கள், காசு கேட்காது.

மிக்ஸ்பேனல், ஆம்பிளிட்யூட், போஸ்ட்ஹாக் என்று வேறு கருவிகளும் உண்டு, கீழே சொல்லும் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். உங்கள் ஆப்புக்கு மொத்தமே ஒரு முந்நூறு கடைகள் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஆர்டர் அட்டவணையை எக்செலில் போட்டு ஒரு பிவட் டேபிள் அடித்தாலே போதும்.

நாள் எப்போது தொடங்குகிறது?

பிக்குவெரியில் ஒவ்வொரு நிகழ்வின் நேரமும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், மைக்ரோ வினாடியில் இருக்கும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன். யுடிசி நாளின் நள்ளிரவு என்றால் கொழும்பில் காலை 5:30. விடியற்காலை 5:12க்குக் கடை திறப்பதற்கு முன் ஆர்டர் போடுகிற கொட்டாஞ்சேனைக்காரரின் செவ்வாய்க்கிழமை ஆர்டர், யுடிசியில் திங்கள் இரவு 11:42. அவர் திங்கள் மத்தியானமும் ஏதாவது பார்த்திருந்தால் இரண்டு நாள் பாவனை ஒரு நாளாகச் சுருங்கிவிடும். விடியற்காலையில் இயங்கும் வியாபாரிகளுக்குத்தான் இந்த நட்டம் முழுவதும் விழும், அவர்கள்தான் பெரும்பாலும் உங்கள் நல்ல வாடிக்கையாளர்கள். அனலிட்டிக்ஸ் அமைப்பில் கொழும்பு நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள், பிக்குவெரியில் நாளாக மாற்றும்போது கொழும்பு நேர வலயத்தைக் கொடுத்து மாற்றுங்கள், சர்வர் டேட்டாபேஸும் எந்த நேரத்தில் எழுதுகிறது என்று பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் ஒரே ஆர்டருக்கு இரண்டு தேதி வரும்.

குப்பையைக் கழித்தல்

எண்ணுவதற்கு முன் உங்கள் ஊழியர், டெஸ்டர், முதலாளியின் மகன் என்று எல்லாருடைய கணக்கையும் ஒரு விலக்குப் பட்டியலில் போடுங்கள். ஆர்டர் ஆப்பில் இன்னொரு தொல்லை, கள விற்பனைப் பிரதிநிதிகள். ரெப் ஒருவர் ஒரு தெருவையே சுற்றி வந்து பதினைந்து கடைக்கும் தன் போனிலிருந்தே ஆர்டர் போடுவார், அவர் உங்கள் ஆப்பின் மிகச் சிறந்த பாவனையாளராகத் தெரிவார், அந்தப் பதினைந்து கடைகளும் ஆப்பைத் தொடவே இல்லை. யார் சார்பில் போட்ட ஆர்டர் என்று ஒரு விவரத்தை நிகழ்வோடு இணைத்தால்தான் இதைப் பிரிக்க முடியும். அப்புறம் பின்னணியில் ஆப் தானாக ஒத்திசைப்பது, நோட்டிபிகேஷன் வந்து சேர்வது போன்றவை, இவற்றை ஆள் செய்த செயலாக எண்ணவே கூடாது.

இப்போது எண்ணுதல்

கடைசி 28 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 30 இல்லை, 28. அதில் ஏழு கிழமைகளும் சரியாக நான்கு தரம் வரும், ஒரு மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வந்து கணக்கைக் கெடுக்கும் தொல்லை இல்லை. போயா மட்டும் கொஞ்சம் விளையாடும், முழுநிலவுக்கு முழுநிலவு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் என்பதால் பெரும்பாலான 28 நாளில் ஒரு போயா விழும், எப்போதாவது ஒன்றில் விழாது. ஏப்ரல் புத்தாண்டு, வெசாக் வாரங்களை மற்ற வாரங்களோடு ஒப்பிடுவதைத் தவிர்த்து, முடிந்தால் முந்தின ஆண்டின் அதே பண்டிகையோடு ஒப்பிடுங்கள். புத்தாண்டுக்கு முன் கடைகள் எல்லாம் அள்ளிச் சேர்த்துவிட்டுப் பிறகு பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள், அதைப் பார்த்து ஆப்பில் ஏதோ பிழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு கடைக்கு ஒரு வரி வருமாறு ஓர் அட்டவணை செய்யுங்கள். நிரல்கள் இவை: கடையின் ஐடி, முதல்முறை ஆப்பைத் திறந்த நாள், 28 நாளில் மையச் செயல் நடந்த நாட்கள், நான்கு வாரத்தில் எத்தனை வாரம் மையச் செயல் நடந்தது, கடைசியாக நடந்து எத்தனை நாள், எத்தனை வகையான துணைச் செயல்கள், செஷன்கள், கடைசியில் ரூபாய் மதிப்பு.

நாட்களை எண்ணுங்கள், தடவைகளை எண்ணாதீர்கள். ஒரே நாளில் நாற்பது தரம் செய்தவரும் ஒரு தரம் செய்தவரும் அந்த நாளுக்கு ஒன்றுதான். தடவைகளை எண்ணினால் ஒரு சிலர் வானத்துக்கு ஏறிவிடுவார்கள், சராசரி அவர்கள் பின்னாலேயே ஓடும். இதே காரணத்தால் எங்கே சராசரி போடத் தோன்றினாலும் எல்லாரையும் வரிசையில் வைத்தால் நடுவில் வரும் எண்ணையும் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் மேலே ஒரு சிறு கூட்டம் முழுக் கணக்கையும் இழுக்கிறது என்று அர்த்தம்.

தரவரிசைக்கு முதல் அளவு வாரங்கள். நான்கு வாரமும் ஆர்டர் போட்டவர்கள் முதல் கூட்டம், மூன்று வாரம் இரண்டாவது, ஒன்று அல்லது இரண்டு வாரம் மூன்றாவது, ஆர்டரே இல்லாமல் திறந்து மட்டும் பார்த்தவர்களும் திறக்கவே இல்லாதவர்களும் நான்காவது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஆர்டர் நாட்களால் வரிசைப்படுத்துங்கள், சமமாக வந்தால் அண்மையில் வந்தவரை மேலே வையுங்கள். இவ்வளவுதான். நாட்களுக்கு 0.4, அண்மைக்கு 0.3, ரூபாய்க்கு 0.3 என்று எடை போட்டு ஒரு மதிப்பெண் செய்ய எல்லாருக்கும் ஆசை வரும், செய்யவும் செய்யலாம், ஆனால் 71 எடுத்த கடைக்கும் 68 எடுத்த கடைக்கும் என்ன வித்தியாசம் என்று விற்பனைப் பிரிவில் யாராவது கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. "நான்கு வாரமும் வாங்குகிறவர்" என்றால் யாருக்கும் விளங்கும்.

ரூபாயைத் தனி நிரலாகவே விடுங்கள். பெரிய கடை மாதத்துக்கு ஒரு தரம் லொறி நிறைய எடுக்கும், சின்னக் கடை வாரம் இரண்டு தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். முதலாமவர் பெறுமதியான வாடிக்கையாளர், இரண்டாமவர் தீவிரமான பாவனையாளர், இருவரையும் ஒரே எண்ணுக்குள் கலந்தால் இருவருமே காணாமல் போவார்கள்.

புதிதாக வந்தவர்களிடம் நியாயமாக இருங்கள். பத்து நாளுக்கு முன் சேர்ந்த கடைக்கு நான்கு வாரம் வர வழியே இல்லை. 28 நாள் நிறையாதவர்களைத் தனிப் பக்கத்தில் வைத்து, சேர்ந்த நாளிலிருந்து இதுவரை என்று தனியாகக் கணக்குப் பாருங்கள்.

கோட்டை எங்கே கிழிப்பது?

மேலே உள்ள 10 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது வழக்கம். அதற்கு முன் ஒரு படம் வரைந்து பாருங்கள்: கிடையாக 1 முதல் 28 வரை பாவனை நாட்கள், நெடுக்காக எத்தனை கடைகள். பெரும்பாலான ஆப்புகளில் இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிந்துகொண்டே போகும். தினசரி ஆப்பாக இருந்து வலது ஓரத்தில் மறுபடி ஒரு ஏற்றம் தெரிந்தால் அது நல்ல சகுனம், அந்த ஏற்றம் தொடங்கும் இடம்தான் உங்கள் கோடு. நம்முடைய ஆர்டர் ஆப் மாதிரியான ஒன்றில் 4க்கும் 8க்கும் அருகில் மேடு தெரியலாம், வாரம் ஒருமுறைக்காரர், வாரம் இருமுறைக்காரர். மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கோட்டைக் கிழியுங்கள். பள்ளமே இல்லை என்றால் இயல்பான எல்லை இல்லை என்று ஒப்புக்கொண்டு, உங்களுக்கு எத்தனை பேரோடு கதைக்க நேரமிருக்கிறதோ அத்தனை பேரை மேலிருந்து எடுங்கள்.

கண்ணால் பார்த்துச் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பட்டியலின் மேலிருந்து ஒரு இருபது பேரை எடுத்து ஒவ்வொருவரின் நிகழ்வுகளையும் நேர வரிசையில் வரிவரியாக வாசியுங்கள். கூடவே செஷன் எண்ணிக்கையில் மேலே இருந்தும் மையச் செயலில் கீழே கிடப்பவர்கள் சிலரையும் எடுங்கள்.

அப்படி ஒருவரின் ஒரு நாள் இப்படி இருக்கும் என்று வையுங்கள். காலை 8:41, ஆப் திறப்பு, ஆர்டர் நிலைத் திரை, 20 வினாடி, மூடல். 9:26, அதே திரை. 10:15, அதே திரை, கீழே இழுத்துப் புதுப்பித்தல் மூன்று தரம். 11:02, அதே திரை, பிறகு 11:04க்கு உதவி எண்ணை அழைக்கும் பொத்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நிமிடத்துக்கு மேல் இருப்பதால் நான்கும் நான்கு செஷன். ஆர்டர் ஒன்றும் இல்லை. செஷன் பட்டியலில் இவர் அன்றைய நட்சத்திரம். உண்மையில் அவர் கடை வாசலில் நின்றுகொண்டு லொறி எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், திரையில் காலையிலிருந்து "அனுப்பப்பட்டது" என்ற ஒரே வரிதான். இப்படியானவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் தினசரி ஆக்டிவ் எண் ஏறும், கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும்.

இப்போது அந்த விடியற்காலைக்காரரைப் பாருங்கள். செவ்வாய் 5:12, திறப்பு, பழைய ஆர்டர்கள், "அதையே மீண்டும்" பொத்தான், பருப்பின் அளவு மட்டும் மாற்றம், உறுதி, 5:15க்கு மூடல். வெள்ளிக்கிழமையும் அப்படியே. 28 நாளில் எட்டு ஆர்டர், எட்டே செஷன், மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. செஷன் பட்டியலில் நடுவில் எங்கோ புதைந்து கிடப்பார், நேரப் பட்டியலில் அதைவிடக் கீழே. ஆப்பை ஆகச் சிறப்பாகப் பாவிப்பவர் அவர்தான். ஆப்பில் செலவழித்த நேரத்தைத் தீவிரத்தின் அளவாக எடுக்கக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரியான வரிகள்தான், வேலை சீக்கிரம் முடிவதற்காக வைத்திருக்கும் ஆப்பில் நேரம் கூடினால் அது கெட்ட செய்தியாகவே இருக்கலாம்.

வரிகளை வாசித்த பிறகு அவர்களில் ஐந்தாறு பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் ஆப்பை அதிகம் பாவிக்கிறீர்கள் என்று புகழ வேண்டாம், கடைசியாக ஆர்டர் போட்டபோது என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். தரவில் இருப்பதும் அவர்கள் சொல்வதும் ஒத்துவராவிட்டால் முதலில் தரவைச் சந்தேகப்படுங்கள்.

யார் பார்க்கலாம், எவ்வளவு காலம்

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் சேர், தேவையான அளவு சேர், தேவை முடிந்ததும் வைத்திருக்காதே என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் சொன்னால், தனியுரிமைக் கொள்கையில் பாவனைத் தரவை எதற்கு எடுக்கிறீர்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும்படி எழுதுங்கள். தரவரிசை அட்டவணையில் ஐடி மட்டும் இருக்கட்டும், ஐடியையும் பெயரையும் இணைக்கும் ஃபைல் வேறிடத்தில், அழைக்க வேண்டியவர் கையில் மட்டும் இருக்கட்டும். பெயர், நம்பர், எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார் என்பது எல்லாம் ஒரே எக்செலில் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

வாராவாரம் ஓட்டுதல்

ஒருதரம் எடுத்த பட்டியல் ஒரு போட்டோ மாதிரி, ஆள் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று தெரியாது. ஒவ்வொரு வியாழனும் அதற்கு முந்தின ஞாயிறு வரையான 28 நாளை எடுத்து அட்டவணையைப் புதிதாக ஓட்டுங்கள், அப்போது பிந்தி வரும் நிகழ்வுகளுக்கான 72 மணி நேரமும் கழிந்திருக்கும். பழைய அட்டவணையை அழிக்காமல் தேதி போட்டுச் சேமியுங்கள். பிறகு இந்தக் கூட்டத்தையும் நான்கு வாரத்துக்கு முந்தின கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து, யார் எங்கிருந்து எங்கே போனார் என்று ஒரு நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள்.

அந்தக் கட்டத்தில் நான் முதலில் பார்ப்பது முதல் கூட்டத்திலிருந்து மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் விழுந்தவர்களை. புதிய பத்துப் பேரைப் பிடிப்பதைவிட இந்த ஐந்து பேரைக் கேட்பது மலிவு. அதிலும் ஆர்டர் நின்றும் இன்னும் ஆப்பைத் திறந்து விலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தனி, அவர்கள் பக்கத்து மொத்தக் கடையில் வாங்கிக்கொண்டு உங்கள் விலையை ஒப்பிடுகிறார்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். திறப்பதையே நிறுத்தியவர்களுக்குப் போன் மாறியிருக்கலாம், கடை கைமாறியிருக்கலாம், ஓடிபி வராமல் லாகினில் சிக்கியிருக்கலாம். கடைசியில் பார்த்த திரை எது என்று பாருங்கள், பலர் லாகின் திரையிலேயே நின்றிருந்தால் அது வாடிக்கையாளர் பிரச்சினை இல்லை, டெவலப்பருக்கு அன்றைக்கே போக வேண்டிய டிக்கெட்.

மற்றவர்களை வியாழன் பின்னேரமே ஒருவர் அழைக்கட்டும். காரணத்தை அட்டவணையிலேயே ஒரு நிரலில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும், "விலை", "லொறி பிந்துது", "கடை பூட்டியாச்சு" என்று. அடுத்த வியாழன் புது அட்டவணையை ஓட்டும்போது அந்த நிரலையும் ஐடியை வைத்துக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே கடைக்காரருக்கு இரண்டு வாரமும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பீர்கள்.